பழுதைத் துரத்திய எடிசன்!

குழந்தைகளே, உங்கள் வீட்டு ஹாலில் உள்ள சுவிட்ச் போர்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வரிசையாக ஆறு சுவிட்சுகள். மின்விசிறியைப் போட நினைத்து ஒன்றைத் தட்டினால், டியூப் லைட் எரிகிறது. டியூப் லைட் என்று நினைத்து இன்னொன்றைத் தட்டினால், வாசல் விளக்கு எரிகிறது. ஒரு சுவிட்ச் மட்டும் எதற்கு என்று யாருக்குமே தெரியாது. வீட்டுக்கு வரும் விருந்தாளி பாவம், ஆறையும் தட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிவார்!

மாடிப்படி விளக்கு இன்னும் வேடிக்கை. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். நேற்று எந்தப் பக்கம் அழுத்தி விளக்கு எரிந்ததோ, இன்று அதே பக்கம் அழுத்தினால் அணைகிறது!

இதில் ஏதாவது மாயம் இருக்கிறதா? ஒன்றும் இல்லை. சுவருக்குள் மின்சாரம் போகும் வழி நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வழியை மனக்கண்ணால் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தச் சுவிட்சும் குழப்பாது. அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் தாமஸ் ஆல்வா எடிசன்.

மின்விளக்கைப் பற்றிக் கேட்டால் உடனே எடிசன் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். ஆனால், அவர் வெறும் விளக்கு செய்தவர் மட்டும் அல்ல. எங்கே பழுது என்று துரத்திப் பிடிப்பதில் மன்னர். அந்தக் குணம்தான் அவரை உயர்த்தியது.

கேள்வி கேட்ட சிறுவன்

1847ம் ஆண்டு, பிப்ரவரி 11ம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சிற்றூரில் எடிசன் பிறந்தார். வீட்டில் ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதாகும்போது, குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளியில் சேர்த்தார்கள். சிறுவன் எடிசன் ஓயாமல் கேள்வி கேட்டான். ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. பையனுக்கு மூளை சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் வேலை பார்த்த எனக்கு இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது! எடிசனின் அம்மா நான்சி, முன்பு ஆசிரியையாக இருந்தவர். அவருக்குக் கோபம் வந்தது. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே தானே பாடம் சொல்லிக் கொடுத்தார். எடிசன் பள்ளிக்குப் போனது சில மாதங்கள்தான்.

வீட்டின் நிலவறையில் அந்தச் சிறுவன் ஒரு சோதனைச் சாலையே வைத்திருந்தான். ஏராளமான பாட்டில்கள். யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, எல்லாப் பாட்டிலிலும் விஷம் என்று எழுதி ஒட்டிவிட்டான். குறும்பைப் பார்த்தீர்களா?

தந்திக் கருவியும் ஒரு சுவிட்சே!

12 வயதில் எடிசன், போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கத் தொடங்கினான். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் சோதனைச் சாலையையும் வைத்துக் கொண்டான். ஒருநாள் பாஸ்பரஸ் கீழே விழுந்து பெட்டியில் தீப்பிடித்தது. கோபம் கொண்ட கார்டு, சாமான்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டார். இதே காலத்தில் எடிசனின் காதும் மந்தமாகத் தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் அந்தக் குறை நீங்கவே இல்லை.

1862ம் ஆண்டு, மவுன்ட் கிளமன்ஸ் என்ற ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டரின் சின்ன மகன் தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தான். ஒரு சரக்குப் பெட்டி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினான். அதற்கு நன்றியாக, ஸ்டேஷன் மாஸ்டர் அவனுக்குத் தந்தி அனுப்பும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார்.

தந்தி எப்படி வேலை செய்யும் தெரியுமா? விசையை அழுத்தினால் மின்சாரம் கம்பியில் ஓடும், விட்டால் நின்றுவிடும். தொலைவில் உள்ள கருவி அதற்கு ஏற்றாற்போல டக் டக் என்று ஒலிக்கும். அதாவது தந்தி விசை என்பது ஒரு சுவிட்ச்! மின்சாரம் புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு வழியாகப் போய், இன்னொரு வழியாகத் திரும்பி வந்து சேர வேண்டும். அந்த வட்டம் எங்காவது ஒரு நூல் அளவு அறுந்தாலும் எல்லாம் நின்றுபோகும். இதற்கு மின்சுற்று என்று பெயர். எடிசன் இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஊர் ஊராகத் தந்தி வேலை பார்த்து, பழுதான கம்பிகளோடும் கருவிகளோடும் மல்லுக்கட்டிக் கற்றுக் கொண்டார்.

நின்றுபோன இயந்திரம்

1869ம் ஆண்டு, 22 வயது எடிசன் நியூயார்க் நகருக்கு வந்தார். கையில் காசு இல்லை. தங்கத்தின் விலையைத் தந்திக் கம்பி மூலம் வியாபாரிகளுக்கு அறிவிக்கும் ஒரு நிறுவனத்தில், பேட்டரி வைக்கும் அறையில் இரவு படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. சும்மா இருப்பாரா? பகலில் அங்கிருந்த பெரிய இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கவனித்துக் கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள், அந்த இயந்திரம் பெரும் சத்தத்தோடு நின்றுவிட்டது. விலை தெரியாமல் வியாபாரிகள் தவித்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆட்கள் வாசலில் முண்டியடித்தார்கள். மேலாளருக்குக் கை கால் ஓடவில்லை. உரிமையாளரோ பதறிப் போனார்.

எடிசன் பதறவில்லை, கூர்ந்து பார்த்தார். ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்து, இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. அதை எடுத்து, இயந்திரத்தைச் சரிசெய்தார். சுமார் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஓடியது. அந்த நிறுவனமே அவருக்கு மாதம் 300 டாலர் சம்பளத்தில் வேலை கொடுத்தது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை!

இதில் உள்ள ரகசியத்தைக் கவனித்தீர்களா, குழந்தைகளே? பழுது வந்த பிறகு அவர் படிக்கத் தொடங்கவில்லை. இயந்திரம் நன்றாக ஓடும்போதே அதைப் புரிந்து வைத்திருந்தார். நல்ல நிலையில் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவரால்தான், கெட்ட நிலையில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஒரு விளக்கு அணைந்தால்...

1876ம் ஆண்டு, நியூஜெர்ஸி மாநிலத்தின் மென்லோ பார்க் என்ற இடத்தில் எடிசன் ஒரு பெரிய சோதனைச் சாலையை அமைத்தார். மறு ஆண்டே ஒலியைப் பதிவு செய்யும் போனோகிராப் கருவியை உருவாக்கி உலகை வியக்க வைத்தார். அடுத்து, மின்விளக்கில் இறங்கினார்.

மின்விளக்கு அவருக்கு முன்பே இருந்தது. கண்ணைக் கூச வைக்கும் ஆர்க் விளக்குகள் சில நகரத் தெருக்களில் எரிந்தன. வீட்டுக்குள் அவற்றை வைக்க முடியாது. அதோடு, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைப்பார்கள். கோயில் திருவிழாவில் சீரியல் பல்புகள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய சரத்தில் ஒரு பல்பு போனாலும் அந்த வரிசையே இருண்டுவிடும், இல்லையா? வீடுகளுக்கு அது ஒத்துவருமா? நீங்கள் படுக்கையறை விளக்கை அணைத்தால், அடுப்படியில் அம்மா இருட்டில் நிற்க வேண்டியதுதான்!

அதனால் எடிசன் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வழி அமைக்க முடிவு செய்தார். இதற்குப் பக்க இணைப்பு என்று பெயர். ஒரு விளக்கை அணைத்தாலும் மற்றவை எரியும். ஆனால் விளக்குகள் அதிக மின்சாரம் குடித்தால், தடித்த செம்புக் கம்பி வேண்டும். செலவு கட்டுபடி ஆகாது. ஆகவே, குறைந்த மின்சாரத்தில் ஒளிரும் மெல்லிய இழை தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான பொருட்களைச் சோதித்தார்கள். 1879ம் ஆண்டு அக்டோபரில், கரியாக்கிய பருத்தி நூல் இழை பல மணி நேரம் எரிந்தது. பிறகு, கரியாக்கிய மூங்கில் இழை ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் இதே காலத்தில் மின்விளக்கு செய்திருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருட்டுத்தனம் பலிக்கவில்லை!

விளக்கு தயார். அவ்வளவுதானா? இல்லை! விளக்கை மாட்ட ஹோல்டர் வேண்டும். எரியவும் அணையவும் சுவிட்ச் வேண்டும். எவ்வளவு மின்சாரம் செலவானது என்று கணக்கிட மீட்டர் வேண்டும். இவற்றில் எதையும் கடையில் வாங்க முடியாது. எல்லாவற்றையும் எடிசனும் அவரது குழுவினரும் தாங்களே உருவாக்கினார்கள்.

மண்ணெண்ணெய் டப்பாவின் திருகு மூடியைப் பார்த்துத்தான் திருகு ஹோல்டர் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். இன்றும் திருகி மாட்டும் பல்புகளின் அட்டைப் பெட்டியில் ஈ27 என்று போட்டிருக்கும். அந்த ஈ என்ற எழுத்து எடிசனைக் குறிக்கிறது. 27 என்பது திருகின் விட்டம், மில்லிமீட்டரில்.

மீட்டர் இன்னும் விசித்திரம். ஒரு ஜாடியில் உலோகத் தகடுகள் இருக்கும். மின்சாரம் ஓட ஓட, உலோகம் ஒரு தகட்டிலிருந்து கரைந்து இன்னொன்றில் படியும். மாதம் முடிந்ததும் தகட்டை எடைபோட்டு பில் போடுவார்கள்!

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஃபியூஸ். ஒரு கம்பியில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அது பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். அதற்கு முன்பே உருகி அறுந்து, மின்சாரத்தை நிறுத்தும் மெல்லிய கம்பித் துண்டுதான் ஃபியூஸ். 1880ம் ஆண்டு எடிசன் இதற்குக் காப்புரிமை பெற்றார். மென்லோ பார்க்கைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர், மொத்த விளக்குகளையும் அணைத்து எடிசனை அவமானப்படுத்த நினைத்து, மறைத்து எடுத்து வந்த கம்பியால் இரண்டு மின்கம்பிகளை இணைத்தார். என்ன நடந்தது? அந்தப் பகுதி ஃபியூஸ் மட்டும் போய், சில விளக்குகள் அணைந்தன. மற்றவை ஜோராக எரிந்தன. ஆசாமி பிடிபட்டார்!

சுவரில் ஒரு தீ

நியூயார்க்கில் வாண்டர்பில்ட் என்ற பெரும் செல்வந்தரின் மாளிகையில், 1880களின் தொடக்கத்தில் மின்விளக்கு போட்டார்கள். இரவு விளக்குகள் எரிந்தன. குடும்பத்தார் வந்து ரசித்தார்கள். திடீரென்று படக்கூடத்துச் சுவரில் புகை!

எடிசன் உடனே, மின்சாரத்தை நிறுத்தும்படி ஆட்களை அனுப்பினார். நிறுத்தியதும் தீ அடங்கிவிட்டது. பிறகு காரணம் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த பட்டுத் துணியில் மெல்லிய உலோக ஜரிகை பின்னப்பட்டிருந்தது. இரண்டு மின்கம்பிகளும் அந்த ஜரிகையைத் தொட்டுவிட்டன. விளக்கு வழியாகப் போக வேண்டிய மின்சாரம், ஜரிகையைக் குறுக்கு வழியாக எடுத்துக் கொண்டது. இதைத்தான் நாம் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். இதைக் கண்டு மிரண்ட வாண்டர்பில்ட்டின் மனைவி, அடித்தளத்தில் பாய்லரும் இருப்பதை அறிந்ததும், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்!

எடிசன் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். அப்புறம்தான் காரணம் தேடினார். இந்த வரிசை மாறவே கூடாது.

துள்ளிய குதிரைகள்

1882ம் ஆண்டு, செப்டம்பர் 4ம் தேதி, பிற்பகல் 3 மணி. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் அமைத்த மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சுமார் 27 டன் எடையுள்ள ராட்சத டைனமோ. அதற்கு அந்தக் காலத்தின் புகழ்பெற்ற யானையின் பெயரான ஜம்போ என்று பெயர் வைத்திருந்தார்கள். பூமிக்கு அடியில் பதித்த கம்பிகளின் வழியே 110 வோல்ட் மின்சாரம் பாய்ந்து, முதலில் சுமார் 400 விளக்குகள் ஒளிர்ந்தன.

சில காலம் கழித்து, ஒரு போலீஸ்காரர் மின்நிலையத்துக்கு ஓடி வந்தார். ஒரு தெருமுனையில் குதிரைகள் பேய் பிடித்தது போலத் துள்ளுகின்றன என்றார். போய்ப் பார்த்தால், வேடிக்கை பார்க்க ஒரே கூட்டம். குறிப்பிட்ட இடத்தில் கால் வைத்ததும் குதிரை எம்பிக் குதிக்கிறது! எடிசனுக்குப் புரிந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் இருந்த இணைப்புப் பெட்டியில் மின்கசிவு. ஈர மண்ணின் வழியே மின்சாரம் பரவி, குதிரையின் இரும்பு லாடத்தில் ஏறியிருக்கிறது. உடனே அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியைச் சரிசெய்தார்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் ஆபத்து என்று உங்கள் அம்மா சொல்வது இதனால்தான்.

எடிசன் தோற்ற இடம்

எடிசனின் மின்சாரம் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அதை வெகுதொலைவு கொண்டுசெல்ல முடியவில்லை. நிக்கோலா டெஸ்லா, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் போன்றோர் மாறுதிசை மின்சாரத்தைக் கொண்டு வந்தார்கள். டிரான்ஸ்பார்மர் உதவியால் அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் அனுப்பலாம். அது ஆபத்தானது என்று எடிசன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவர் கருத்து நிற்கவில்லை. இன்று நம் வீடுகளுக்கு வருவதும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம்தான். எத்தனையோ இயந்திரங்களில் பழுது கண்டுபிடித்தவருக்கு, தன் சொந்த யோசனையில் இருந்த பழுது மட்டும் கண்ணில் படவில்லை!

சுவிட்சுகளும் பலர் கையால் வளர்ந்தவைதான். மெதுவாகத் திறக்கும் சுவிட்சில் தீப்பொறி பறந்து உலோகம் கருகியது. 1884ம் ஆண்டு, இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ், சட்டென்று பிரியும் சுவிட்சை உருவாக்கினார். நீங்கள் சுவிட்சைத் தட்டும்போது டக் என்று கேட்கிறதே, அந்த வேகம்தான் தீப்பொறியை அடக்குகிறது.

நீங்களும் துப்பறியலாம்!

இப்போது உங்கள் மாடிப்படி விளக்குக்கு வருவோம். ரயில் தண்டவாளத்தைக் கற்பனை செய்யுங்கள். கீழ் சுவிட்ச் ஒரு ஸ்டேஷன். மேல் சுவிட்ச் இன்னொரு ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவே இரண்டு தண்டவாளப் பாதைகள். ஒவ்வொரு சுவிட்சும் ரயிலை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பிவிடும். இரண்டு சுவிட்சுகளும் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்தால் ரயில் போய்ச் சேரும், விளக்கு எரியும். வேறு வேறு பாதை என்றால் ரயில் நடுவழியில் நிற்கும், விளக்கு எரியாது. அதனால்தான் இந்தச் சுவிட்சுக்கு நிரந்தரமான ஆன் பக்கம், ஆஃப் பக்கம் கிடையாது. குழப்பம் தீர்ந்ததா?

இன்னொரு பழுது கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி பேஸ். திரும்பும் கம்பி நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். யாராவது தவறுதலாக நியூட்ரலில் இணைத்துவிட்டால், சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையும். எல்லாம் சரிபோலத் தெரியும். ஆனால் ஹோல்டர் வரை மின்சாரம் காத்துக் கொண்டிருக்கும்! சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுக்கினால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லுங்கள். பல்பு மாற்றும்போது பெரியவர்கள் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினையும் அணைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

விளக்கு எரியவில்லையா? எடிசனைப் போல வரிசையாகக் கேளுங்கள். தெரு முழுவதும் இருட்டா, நம் வீடு மட்டுமா? வீடு முழுவதுமா, ஒரே அறை மட்டுமா? ஓர் அறை என்றால், எம்.சி.பி. கீழே விழுந்திருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விளக்கு என்றால், பல்பு போயிருக்கலாம். இப்படிக் கேட்கக் கேட்க, பழுது ஒளிந்திருக்கும் இடம் சுருங்கிக் கொண்டே வரும்.

எடிசன் எதையும் எழுதி வைப்பார். அவரும் குழுவினரும் நிரப்பிய குறிப்பேடுகள் சுமார் 3,500! நீங்களும் ஒரு தாளில் உங்கள் சுவிட்ச் போர்டை வரையுங்கள். அப்பாவையோ அம்மாவையோ அருகில் வைத்துக்கொண்டு, உலர்ந்த கையால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எது எதற்கு என்று எழுதுங்கள். பிறகு சின்னச் சின்னச் சீட்டு ஒட்டுங்கள்.

உங்கள் வேலை அதோடு சரி. போர்டைத் திறப்பது, கம்பியைத் தொடுவது, டெஸ்டர் வைப்பது எதுவும் உங்களுக்கு வேண்டாம். கருகல் வாடை, சுவிட்சில் சூடு, உள்ளே சரசர சத்தம் – இவற்றில் எது தெரிந்தாலும் அந்தச் சுவிட்சைத் தொடாமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ஒரு நிமிட இருட்டு

அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் பெற்ற எடிசன், 1931ம் ஆண்டு, அக்டோபர் 18ம் தேதி, 84வது வயதில் மறைந்தார். அவருக்கு அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தையே நிறுத்தலாமா என்று யோசனை எழுந்தது. ஆனால் முடியவில்லை. மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் அதற்குள் மின்சாரத்தை நம்பி வாழத் தொடங்கிவிட்டன. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் ஆபத்து.

அதனால் ஜனாதிபதி ஹூவர், மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அக்டோபர் 21ம் தேதி இரவு 10 மணிக்கு, ஏராளமான வீடுகளில் மக்கள் தாங்களாகவே எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்கள். ஒரு நிமிடம் இருட்டு. பிறகு மீண்டும் சுவிட்சைத் தட்டினார்கள். விளக்குகள் எரிந்தன.

இன்று மாலை உங்கள் வீட்டு விளக்கைப் போடும்போது, அந்த டக் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், குழந்தைகளே. சுவருக்குள் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். அடுத்த எடிசன் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!